எழுபது கிலோ டெய்லர்

அந்தத் தெருவில் யாருடைய இடுப்பு எவ்வளவு பெருத்திருக்கிறது என்று கேட்டால் டெய்லர் டேப்பை எடுக்காமலே சொல்லிவிடுவார். வங்கி மேலாளர் கடைப்படி ஏறும்போதே, "சார், போன தடவையைவிட ஒண்ணரை அங்குலம் கூடியிருக்கு" என்பார். மேலாளர் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றாலும் பலிக்காது. "மூச்சை விடுங்க சார், நாளைக்கு இந்த பேண்ட்டைப் போட்டுக்கிட்டு மூச்சு விட வேண்டாமா?" என்பார். இப்படி ஊரார் வயிற்றையெல்லாம் கண்ணாலேயே அளந்த மனுஷர், தன் வயிற்றை மட்டும் பதினொரு வருஷமாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் என்ன குடி முழுகிப்போகிறது என்று கேட்பீர்கள். வேறு டெய்லராக இருந்தால் ஒன்றும் இல்லைதான். இவர் ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் ஓட்டுகிறவர்.

கடை என்பது ஒரு நீள அறை. வாசலை ஒட்டி வெட்டுமேசை, அதற்குப் பின்னால் இரண்டு மெஷின்கள். ஒன்றில் டெய்லர், மற்றதில் அவர் மனைவி. வெட்டுவதும் தைப்பதும் இவர் வேலை. காஜா எடுப்பது, பட்டன் கட்டுவது, ஓரம் மடிப்பது, வாடிக்கையாளரிடம் பொய் சொன்ன தேதிக்குச் சமாதானம் சொல்வது எல்லாம் அந்த அம்மாள் வேலை. இஸ்திரிப் பெட்டிக்கு மேலே, சுவரில், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு வெள்ளைக் குட்டி விமானத்தின் படம்.

பல வருஷத்துக்கு முன்னால், ஊருக்கு வெளியே இருக்கிற பறக்கும் கிளப்பிலிருந்து ஒரு பெண்மணி கடைக்கு வந்தார். கட்டையாக வெட்டிய நரைமுடி, அதிகம் பேசாத வாய். விமானத்துக்கு மழையில் போர்த்த ஒரு கேன்வாஸ் உறை வேண்டும் என்றார். அளவெடுக்கப் போன டெய்லர் மூக்கிலிருந்து வால் வரை, இந்த இறக்கையிலிருந்து அந்த இறக்கை வரை டேப்பைப் பிடித்து முடிப்பதற்குள் அதன்மேல் ஆசைப்பட்டுவிட்டார். "இதுல ஒரு தடவை ஏறிப் பாக்கலாமா மேடம்?" என்று கேட்டார். அந்தப் பெண்மணிதான் கிளப்பின் பயிற்சியாளர். எல்லாரும் கேப்டன் என்று கூப்பிடுவார்கள். ஏற்றிக்கொண்டு போனார். அதிலிருந்து இருக்கை உறை, கேன்வாஸ், காற்றின் திசை காட்டக் கம்பத்தில் ஆடும் காற்றுப் பை எல்லாம் டெய்லர் கைவண்ணம். பதிலுக்கு அவருக்குப் பறக்கும் நேரம். மூன்று வருஷம் படித்து, இரண்டு தடவை பரீட்சையில் கோட்டைவிட்டு, நாற்பதாவது வயதில் உரிமம் வாங்கினார். பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து ஓட்டலாம் என்று அதில் எழுதியிருந்தது.

அந்த ஒருவர் யார் என்பதில் டெய்லருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. உரிமத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து மனைவியிடம் நீட்டினார். "நான் மெஷின் பெடல்ல கால் வைக்கிறேன். என் கால் தரையில இருந்து அவ்வளவு உயரம் போனா போதும்," என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். டெய்லர் விடவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார். பதில் மாறியதில்லை. ஊரில் பாதிப் பேரை ஏற்றிக்காட்டியவருக்கு, கட்டியவளை ஏற்றிக்காட்ட முடியாதது உள்ளூர ஒரு குறையாகவே இருந்தது.

கிளப்பில் இரண்டு வழக்கங்கள் உண்டு. சாவி அலமாரிக் கதவில் கேப்டன் கையெழுத்தில் ஆறு கேள்விகள் ஒட்டியிருக்கும். உடம்புக்கு முடியலையா? மாத்திரை ஏதாவது போட்டிருக்கா? மனசுல பாரமா? குடிச்சிருக்கா? தூங்கியாச்சா? சாப்பிட்டாச்சா? சாவியைத் தொடுவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். எல்லாரும் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சாவியை எடுப்பார்கள். இரண்டாவது வழக்கம், எடைத்தாள். குட்டி விமானத்துக்கு எரிபொருளும் ஆட்களும் பையும் சேர்த்து இவ்வளவுதான் சுமை என்று ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் தரையை விட்டு எழும்பவே முரண்டு பிடிக்கும். தாளில் பைலட் எடை என்ற கட்டத்தில் டெய்லர் எழுபது என்று எழுதுவார். உரிமம் வாங்கிய அன்று எழுபதுதான் இருந்தார். அன்று எழுதிய கை அப்படியே எழுதிக்கொண்டு போனது.

பிறகு ஒரு கொளுத்தும் கோடைப் பகல். கிளப் மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டெய்லர் கிளம்பினார். வழக்கமாக ஓடுபாதையின் பாதியில் எழும்பும் விமானம் அன்று ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. கோடியில் இருந்த கம்பிவேலி பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசியில் ஏதோ மனமிரங்கின மாதிரி மேலே எழும்பி, வேலியை ஓர் ஆள் உயரத்தில் தாண்டியது. இறங்கியதும் டெய்லர், "இன்ஜின்ல ஏதோ கோளாறு, இழுக்கவே மாட்டேங்குது," என்றார். வெயிலில் எந்த விமானமும் கொஞ்சம் சோம்பும் என்று மெக்கானிக் சொல்லிப் பார்த்தார். இவ்வளவு சோம்பாது என்று டெய்லர் ஒரே பிடியாக நின்றார்.

பாவம் மெக்கானிக், இரண்டு நாள் இன்ஜினைக் கழற்றி மாட்டினார். மூன்றாம் நாள் முழங்கைவரை கரியோடு வந்து, "உங்க இன்ஜின் என் மாமியாரைவிட ஆரோக்கியமா இருக்கு," என்றார்.

கேப்டன் விமானம் நிறுத்தும் ஹேங்கரின் மூலையில் இருந்த சாமான் எடை போடும் தராசை இழுத்து வந்து டெய்லர் முன்னால் வைத்தார். டெய்லர் ஏறினார். எண்பத்தெட்டு.

"இது கெட்டுப்போச்சு கேப்டன்," என்றார் டெய்லர்.

மெக்கானிக் ஏறினார். அறுபத்துநாலு, அவர் எடை அதுதான். கேப்டன் ஏறினார். அவர் எடையும் சரியாகவே காட்டியது. தராசில் ஒரு கோளாறும் இல்லை.

"பதினெட்டு கிலோவைக் கணக்குல சேர்க்காம மேல தூக்கிட்டுப் போயிருக்கீங்க டெய்லர்," என்றார் கேப்டன். குரலை உயர்த்தவில்லை. "பக்கத்துல ஆள் வேற. உரிமத்துக்கான மெடிக்கல் டெஸ்ட்டுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்குன்னு தெரியும். இருந்தாலும் நாளைக்கே டாக்டரைப் பாருங்க. அதுவரைக்கும் சாவி கிடையாது."

மெக்கானிக் இரண்டு நாள் இன்ஜினோடு மல்லுக்கட்டியது நினைவுக்கு வர, டெய்லருக்கு முகத்தில் அசடு வழிந்தது.

ஆனாலும் வீட்டுக்கு வருவதற்குள் மனசு ஒரு சமாதானத்தைத் தேடிப் பிடித்துவிட்டது. "ஷூவோட ஏறினேன், அதான் கூட காட்டிச்சு," என்றார் மனைவியிடம்.

"ஷூ பதினெட்டு கிலோவா?"

"சரி, வயசானா கொஞ்சம் போடும். ஆனா பாரு, கொடியில கிடக்குதே, அது உரிமம் வாங்கின வருஷம் தைச்ச பேண்ட். இன்னிக்கும் கச்சிதமா இருக்கு. உடம்பு பெருத்தா பேண்ட் எப்படி ஏறும்?"

அந்த அம்மாள் அதே பேண்ட்டைக் கொடியிலிருந்து எடுத்து, உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, பின்தையலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பேண்ட் தைக்கும்போது பின்னால் உள்ளுக்குள் கொஞ்சம் துணி விட்டுத் தைப்பார்கள். பிற்பாடு இறுக்கினால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அப்படிப் பிரித்தால் பழைய தையல் ஓடின இடத்தில் ஊசித் தடம் வரிசையாக நிற்கும், எத்தனை துவைத்தாலும் போகாது. டெய்லர் பேண்ட்டில் அப்படி ஐந்து வரிசை.

நடந்தது இதுதான். இடுப்பு பிடிக்கிற போதெல்லாம் டெய்லர் யாரோடோ பேசிக்கொண்டே பேண்ட்டைப் பிரித்து, அரை அங்குலம் விட்டு, ஓட்டித் தைத்து மாட்டிக்கொள்வார். துணி சுருங்கிவிட்டது என்று நினைப்பு. வேறு யாராக இருந்தாலும் பேண்ட் ஏறாத அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும். கையில் ஊசி இருந்த ஒரே காரணத்தால் இவருக்குத் தெரியாமல் போனது.

"அஞ்சு தடவை சுருங்கிச்சா?" என்று கேட்டார் மனைவி. "நான் வாயால சொன்னப்போ ஒரு நாளாவது காதுல போட்டுக்கிட்டீங்களா? இனிமே விடுறதுக்கு இதுல துணியும் இல்லைங்க."

டெய்லர் அந்த ஐந்து வரிசையையும் விரலால் தடவிப் பார்த்தார்.

கிளப் உறுப்பினர்களைப் பரிசோதிக்கும் டாக்டர் ஒரு வார்த்தைக்கு இரண்டு வார்த்தை பேசாதவர். அவருடைய வெள்ளைக் கோட்டெல்லாம் டெய்லர் தைத்தது. அந்த உரிமையில் டெய்லர், "கொஞ்சம் பாத்துப் போடுங்க சார்," என்று சிரித்துவைத்தார். டாக்டர் சிரிக்கவில்லை. ரத்த அழுத்தம் நூற்றைம்பத்தாறுக்குத் தொண்ணூற்றெட்டு. கால்மணி நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தார். மூன்று நாள் வரச்சொல்லிப் பார்த்தார். பெரிதாகக் குறையவில்லை.

"என்ன வேலை?"

"தெரியுமே சார், உக்காந்து தைக்கிறது."

"நடுவுல?"

நடுவில் என்ன என்பது தெருவுக்கே தெரியும். அடுத்த கடை பேக்கரி. பதினொரு மணிக்கு கிரீம் பன், நாலு மணிக்கு உப்பு பிஸ்கட் ஒரு பொட்டலம், மூன்று சர்க்கரை போட்டு ஆறு டீ. பேக்கரியில் அடுப்பு திறக்கிற வாசனை வந்தால் டெய்லரின் மெஷின் தானாகவே நின்றுவிடும்.

"மூணு மாசம் டைம்," என்றார் டாக்டர். "உப்பைக் குறைங்க, இனிப்பை விடுங்க, நடங்க, ஒழுங்கா தூங்குங்க. குறைஞ்சா கையெழுத்து போடறேன். குறையலைன்னா மருந்து. மருந்து ஒத்துக்குதா, தலைசுத்தல் வருதான்னு பாத்து முடிக்கிற வரைக்கும் பறக்கிற பேச்சே கூடாது."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டெய்லர் வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே ஏதோ இரைச்சல் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவதும், திரும்பி வந்து பெருமூச்சு விடுவதுமாக இருந்தார். மூன்று வாரம் இதைப் பார்த்துச் சகித்த மனைவிக்கு அலுத்துப்போயிற்று.

"இங்க பாருங்க," என்றார். "நீங்க அந்த டாக்டர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க. நான் வந்து பக்கத்துல உக்கார்றேன்."

டெய்லருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "நிஜமாவா?"

"ஒரு தடவை. மனசு மாறுறதுக்குள்ள வாங்கிட்டு வாங்க."

அவ்வளவுதான், டெய்லருக்கு வேகம் பிடித்துவிட்டது. மூன்று மாசத்து வேலையை மூன்று வாரத்தில் முடித்துவிடுவதாக நினைத்து, சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். காலையில் வெந்நீர், மதியம் அரைத்துண்டு ரொட்டி, ராத்திரி மறுபடி வெந்நீர். எட்டு நாள் இப்படி ஓடியது. ஒன்பதாம் நாள் டாக்டர் புதுக் கோட்டைப் போட்டுப் பார்க்கக் கடைக்கு வந்தார். இடக்கை சரியாக ஏறியது. வலக்கை எப்படித் திருகினாலும் ஏற மறுத்தது. டெய்லர் கிட்டே வந்து பார்த்தார். இரண்டு கையும் இடக்கை. முப்பது வருஷத் தொழிலில் அப்படி ஒரு கோட்டை அவர் தைத்ததில்லை.

"எத்தனை நாளா சாப்பிடலை?" என்றார் டாக்டர்.

"எட்டு... ஒன்பது."

"கோட்டுக்கு வேற துணி வாங்கிக்கலாம்," என்று சொல்லிவிட்டு டாக்டர் ஒற்றைக் கையோடு கோட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். "சாப்பிடுங்க. மெதுவாவே இறங்கட்டும்."

அதன் பிறகு டெய்லர் ஒழுங்குக்கு வந்தார். பேக்கரிக்காரரிடம் மனைவி போய் என்ன சொன்னாரோ, டெய்லர் தலை தெரிந்தாலே அவர் கண்ணாடி அலமாரியின் திரையை இழுத்துவிடுவார். முதல் வாரம் டெய்லர் அவரோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. டீயில் மூன்று சர்க்கரை ஒன்றாகி, பிறகு இல்லாமலே போனது. மெஷினில் ஒரு சட்டை முடிந்தால் எழுந்து தெருக்கோடிவரை நடை. சாயங்காலம் மனைவியும் கூட நடந்தார். இருபத்தைந்து வருஷம் ஒரே அறையில் அடுத்தடுத்து உட்கார்ந்து தைத்தவர்களுக்கு, பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது பேச இவ்வளவு இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. வங்கி மேலாளர் ஒருநாள் கடை வாசலில் நின்று டெய்லரை மேலும் கீழும் பார்த்து, "ரெண்டு அங்குலம் குறைஞ்சிருக்கீங்க," என்றார். பழிவாங்கிய திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

மூன்றாவது மாசக் கடைசியில் எழுபத்தேழு கிலோ. ரத்த அழுத்தம் நூற்றிருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு. இரண்டு கையும் சரியாக வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு காலை ஆறரைக்கே இரண்டு பேரும் கிளப்பில் இருந்தார்கள். மனைவி கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். யாரும் கேட்காமலே தராசில் ஏறி, "அறுபத்தொண்ணு. உள்ளதை எழுதுங்க," என்றார். டெய்லர் தன் கட்டத்தில் எழுபத்தேழு என்று எழுதினார். வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. காற்றுப் பை அசையவில்லை. இதைவிட நல்ல நாள் அமையாது.

சாவி அலமாரிக்கு முன்னால் போய் நின்று ஒப்பிக்க ஆரம்பித்தார். "உடம்பு நல்லா இருக்கு. மாத்திரை இல்லை. மனசுல பாரம் இல்லை. குடிக்கலை. தூங்..."

அங்கே நின்றுபோனார்.

முந்தின நாள் ஒரு ஓட்டல்காரர் பன்னிரண்டு சட்டையோடு வந்து, விடிவதற்குள் வேண்டும் என்று கெஞ்சினார். மனைவி முன்னதாகவே படுக்கப் போய்விட்டார். டெய்லர் பல்லைக் கடித்துக்கொண்டு தைத்து முடித்தார். முடித்துப் படுத்த பிறகும், நாளைக்கு அவளை எந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போவது, எதைக் காட்டுவது என்று யோசித்து யோசித்துத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடியது இரண்டரை மணி நேரம். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கேப்டனுக்குத் தெரியாது, மனைவிக்கும் தெரியாது. தூங்கியாச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் சாவி கைக்கு வந்துவிடும். டாக்டர் கையெழுத்து பையில் இருக்கிறது. மூன்று கப் காபி குடித்ததில் கண்ணும் பளிச்சென்றுதான் இருக்கிறது. இன்றைக்குத் திரும்பிப் போனால், மனசு மாறுவதற்குள் என்று சொன்னவள் அடுத்த வாரம் வருவாள் என்று என்ன நிச்சயம்? பதினொரு வருஷம் கேட்டுக் கிடைத்தது.

பிறகு மனைவியைப் பார்த்தார். பயத்தை மறைத்துக்கொண்டு, இவரை நம்பி, கைப்பையோடு நிற்கிறாள். எழுபது என்று எழுதினபோதாவது தெரியாமல் எழுதினார். இது தெரிந்தே சொல்வது.

"ரெண்டரை மணி நேரம்தான் தூங்கினேன், கேப்டன்," என்றார். "இன்னிக்கு நான் ஓட்டக் கூடாது."

மெக்கானிக் துடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்திப் பார்த்தார். கேப்டன் தலையை மட்டும் ஆட்டினார். அப்பாடா என்று மனைவி மூச்சுவிடுவாள் என்றுதான் டெய்லர் எதிர்பார்த்தார். அந்த அம்மாள் முகமோ வாடிப்போயிற்று. "இவ்வளவு தைரியத்தைக் கூட்டிக்கிட்டு வந்தேனே. வீணா?" என்றார்.

"ஏன் வீணா போகணும்?" என்றார் கேப்டன். "நான் எட்டு மணி நேரம் தூங்கினேன்."

மனைவி டெய்லரைப் பார்த்தார். வேண்டாம் என்று இவர் சொன்னால் அந்த அம்மாள் போகமாட்டார். சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. அவள் முதல்முதலாக மேலே போவது இன்னொருவர் ஓட்டியா என்று வயிறு எரிந்தது. "போயிட்டு வா," என்றார். எடைத்தாளில் தன் எண்ணை அவரே அடித்துவிட்டுக் கேப்டனின் எண்ணை எழுதினார்.

"இருபது நிமிஷம்," என்றார் கேப்டன்.

விமானம் ஓடுபாதையின் பாதியிலேயே அலட்சியமாக எழும்பி, மரங்களுக்கு அப்பால் போய் மறைந்தது. டெய்லர் கம்பிவேலி ஓரம் நின்றார். முதல் பத்து நிமிஷம் பெருமையாக இருந்தது. பதினைந்தாவது நிமிஷம் கடிகாரத்தை மூன்று தடவை பார்த்தார். இருபது ஆயிற்று. இருபத்தைந்து. வானத்தில் ஒரு புள்ளியும் இல்லை. "காத்து மாறியிருக்குமோ?" என்று மெக்கானிக்கிடம் கேட்டார். மெக்கானிக் பன்னைக் கடித்துக்கொண்டே, "பை தொங்குது பாருங்க, காத்து எங்க இருக்கு?" என்றார். முப்பது. அந்த விமானத்தின் ஒவ்வொரு தையலும் டெய்லருக்குத் தெரியும். கேப்டனைப் போல் ஓட்டுகிறவர் இந்தப் பக்கத்திலேயே கிடையாது என்பதும் தெரியும். தெரிந்து என்ன பயன்? கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. முப்பத்தைந்து. உள்ளங்கை ஈரமாகிவிட்டது. தனக்குத் தெரிந்த அத்தனை கோளாறும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. நாற்பதாவது நிமிஷம் மரங்களுக்கு மேலே வெள்ளையாக ஏதோ மின்னியது. டெய்லர் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

மனைவி இறங்கியபோது முடியெல்லாம் கலைந்து, சிரிப்பு அடங்காமல் இருந்தது. "நான்தான் கடைக்கு மேல இன்னொரு சுத்து சுத்தச் சொன்னேன்," என்று வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தார். "நம்ம கூரை எவ்வளவு அழுக்கா இருக்கு தெரியுமா? பேக்கரிக்காரர் நின்னு கையாட்டினார். அந்த ஆறு..."

"இருபது நிமிஷம்னுதானே சொன்னீங்க," என்றார் டெய்லர், பின்னால் இறங்கி வந்த கேப்டனிடம். குரல் நடுங்கியது.

அந்த அம்மாள் பேச்சை நிறுத்தி டெய்லர் முகத்தைப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. அவர் கையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம்.

"நீங்க அரைமணி நேரம்னு சொல்லிட்டுப் போவீங்க," என்றார் மெதுவாக. கோபமாகச் சொல்லவில்லை. "ஒண்ணரை மணி நேரம் கழிச்சு, இறங்கிட்டேன்னு போன் பண்ணுவீங்க. நான் அதுவரைக்கும் ஒரே சட்டைக்கு ஒரே பட்டனைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்."

பதினொரு வருஷம், எத்தனை ஞாயிற்றுக்கிழமை. ஒரு நாளாவது அவள் சொன்னதில்லையே என்று டெய்லர் நினைத்தார். ஒரு நாளாவது கேட்டோமா என்றும் நினைத்தார். மெக்கானிக்கும் கேப்டனும் பார்க்க அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கேப்டன் விமானத்தின் மறுபக்கத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல் போய்விட்டார்.

"அடுத்த ஞாயிறு நாம ரெண்டு பேரும் போவோம்," என்றார் மனைவி. "அப்ப கீழ நின்னு பயப்பட ஆளே இருக்காது."

"சனிக்கிழமை எட்டரைக்கே படுத்துடறேன்," என்றார் டெய்லர்.